டயருக்குள் போன ஊருணித் தண்ணீர்

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது கோடையில் என் கணவர் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். எப்போதும்வென்றானில் பஸ்ஸை விட்டிறங்கி, கரிசல் காட்டு வழியே நடந்து போக வேண்டிய ஊர் எங்களுடையது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதுதான் முதல் டிராக்டர். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: அவர், நான், அவருடைய அப்பா. மாமா டிராக்டரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, மாட்டை மட்டும் விற்றுவிடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோடை உழவுக்காகத்தான் வாங்கியது. அருகும் கோரையும் மண்டிக் கிடந்த நிலத்தை மாட்டு ஏரால் ஆழ உழ முடியவில்லை. ஆனால் முதல் நாளே டிராக்டர் மானத்தை வாங்கிவிட்டது. கலப்பை மண்ணுக்குள் இறங்கியதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. புழுதி பறந்ததே தவிர வண்டி ஒரு முழம் நகரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

வண்டிக்குக் கனம் போதவில்லை. பின் டயர்களுக்குள் முக்கால் பாகம் தண்ணீர் அடைத்தால் சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடிக்கும் என்று வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் போட்டிருந்தது. தண்ணீரில் ஏதோ ஒரு கால்சியம் உப்பைக் கரைக்கவும் சொல்லியிருந்தது. அதைத் தேடிக் கோவில்பட்டிக்குப் போனார். அங்கே பட்டறைக்காரர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, இது தண்ணீர் உறைந்துபோகிற தேசத்துக்காரன் எழுதினது, நமக்கு வெறும் தண்ணீரே போதும் என்றாராம்.

அவருக்கு மனசு ஆறவில்லை. உப்புக் கரைத்த தண்ணீருக்குக் கனம் கூட இருக்குமே என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார். தூத்துக்குடி உப்புக்கு என்ன பஞ்சம்? அது வேண்டாமென்றால், எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரே வாயில் வைக்க முடியாத உப்பு. ஆனால் பட்டறைக்காரர் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உப்பு உள்ளே போனால் வால்வும் ரிம்மும் அரித்துப்போகும், மனுஷன் குடிக்கிற தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள் என்பது அவர் பேச்சு. புது டயருக்கும் ரிம்முக்கும் எங்கே போவது? கடைசியில் நல்ல தண்ணீர் என்று முடிவாயிற்று.

மனுஷன் குடிக்கிற தண்ணீர் எங்கள் ஊரில் ஊருணியில் மட்டும்தான் இருந்தது. முந்தின ஐப்பசியில் மழை பொய்த்திருந்தது. தண்ணீர் நடுக்குழிக்குப் போய்விட்டது. வீட்டுக்கு இரண்டு குடம் என்று ஊரே கூடிப் பேசி வைத்திருந்தது. பெண்கள் குழியோரம் குத்தவைத்து, கலக்காமல் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம்.

அங்கேதான் அவர் மாட்டு வண்டியில் தார்ப் பீப்பாயை ஏற்றிக்கொண்டு போனார். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. ஊருணியைத் தூர் வாரியபோது எங்கள் வண்டியும் மாடும் எத்தனையோ நாள் அங்கே உழைத்தன, ஒரு பீப்பாய்த் தண்ணீரில் என்ன வந்துவிடும் என்று நினைத்தார். யாரும் தடுக்கவும் இல்லை. ஊரில் பாதிப்பேர் எங்கள் காட்டில் வேலை செய்தவர்கள். அவர்கள் எப்படித் தடுப்பார்கள்?

முற்றத்தில் வண்டி மேலிருந்த பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் டயருக்குள் இறங்கியது. டயர் கடகடவென்று குடித்தது. வேலிக்கு வெளியே குடங்களோடு போன பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றார்கள். நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. அவர்கள் பார்வைக்கு நேராக, கல்மாதிரி நின்றேன்.

மறுநாள் குடத்தோடு ஊருணிக்குப் போனேன். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எனக்கு வழி விட்டார்கள். அதற்கு முன் யாரும் எனக்கு அப்படி வழி விட்டதில்லை. ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, என் வயசுதான், இடுப்பில் பிள்ளையோடு நின்றவள் கேட்டாள்:

"யக்கா, அந்த வண்டிக்கு அன்னாடம் தண்ணி ஊத்தணுமா?"

அவள் குத்திப் பேசவில்லை. தண்ணீர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இல்ல. ஒரு தடவதான்" என்றேன்.

"அப்பொ சரி" என்றாள்.

அந்தச் 'சரி'க்குப் பிறகு என்னால் குனிந்து தண்ணீர் மொள்ள முடியவில்லை. குடத்தை நனைக்காமலே திரும்பி வந்தேன்.

டிராக்டர் இப்போது நன்றாகவே உழுதது. பாளம் பாளமாகக் கரிசல் புரண்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து அவரைப் புகழ்ந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்னக் கோவிலில் மழைக்காக முழங்காலில் நின்று ஜெபித்தோம். குளங்களை நிரப்பும் ஆண்டவரே என்று உபதேசியார் சொன்னபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். மற்றவர்கள் எழுந்த பிறகும் எழவில்லை.

ஊருணிக்குப் போக முடியாமல் நான் தோட்டத்துக் கிணற்றிலிருந்தே தண்ணீர் எடுத்தேன். யாரையும் திருத்த அல்ல. அந்தப் பெண்கள் எழுந்து வழி விடுவதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். பருப்பு எவ்வளவு கொதித்தாலும் வேகவில்லை. காப்பியில் பால் திரிந்தது. மாமா அதையும் குடித்தார். கணவர் ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் கையை நிறுத்தினார்.

"ஏன் கிணத்துத் தண்ணிய எடுக்கே? ஊருணி வத்திட்டா?"

"வத்தல. எனக்கு அங்கன போக முடியல."

"யாராவது எதும் சொன்னாவளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் போக முடியல."

அவர் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தபோது டிராக்டர் பக்கத்தில் நின்று டயரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, தண்ணிய மாத்திப்பிடுவோம் என்றார்.

தண்ணீரை ஊருணியிலேயே திரும்ப ஊற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, வால்வைக் கீழே கொண்டுவந்து திறந்ததும் தண்ணீர் பீச்சியடித்தது. கறுத்து, ரப்பர் நாற்றம் அடித்தது. அதைக் கொண்டுபோய் எந்த ஊருணியில் ஊற்ற? கைக்குக் கிடைத்த பானை, அண்டா எல்லாவற்றிலும் பிடித்தோம். மாமா ஆடு மேய்க்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகள் மோந்து பார்த்துத் தும்மின. பிறகு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு குடித்தன.

அவள் என் கணவருக்குக் கேட்கும்படி, "நல்ல மனசு உங்களுக்கு. தண்ணிய திருப்பித் தந்துட்டீங்களே" என்றாள்.

அவளுடைய தண்ணீரையே எடுத்து, கெடுத்து, அவள் ஆட்டுக்கு வைத்திருந்தோம். அதற்கு அவள் எங்களைப் புகழ்ந்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் அவர் வீட்டுக்குள் போய்விட்டார். அவள் கிளம்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.

அதன் பிறகு கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் டயரில் அடைத்தார். உழவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பட்டறைக்காரர் சொன்னபடியே வால்வைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது. ரிம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. சொன்னேனே கேட்டீங்களா என்று பட்டறைக்காரர் கோவில்பட்டியில் வைத்துத் திட்டியபோது, நல்ல தண்ணி கிடைக்கல அண்ணாச்சி என்று மட்டும் என் கணவர் பதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

நான் மறுபடியும் ஊருணிக்குப் போகத் தொடங்கினேன். கடைசியில் போய் நின்றாலும் விடமாட்டார்கள். எழுந்து வழி விடுவார்கள். வேண்டாம் என்றால் இன்னும் ஒதுங்குவார்கள். அடுத்து வந்த ஐப்பசியில் மழை பெய்து ஊருணி கரை தொட்ட பிறகுதான் அது நின்றது. வரிசைக்கே அவசியமில்லாமல் அவரவர் நின்ற இடத்தில் குடத்தை முக்கினோம்.