அலெக்சாண்ட்ரியாவில் எனக்குக் கிடைத்த கைடு

முதியோர் எழுத்து வகுப்பு நண்பர்களுக்கு வணக்கம். எழுத்துகள் வரியை விட்டு ஏறியும் இறங்கியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பிலும் சோப்பிலும் காலம் போன விரல்கள். பேனா பிடித்து எட்டு மாதம்தான் ஆகிறது. தாளை நானே போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறேன். அதுவும் போன வாரம் கற்றுக்கொண்டதுதான்!

நம் சரோஜாம்மா தன் மகள் குடும்பத்தோடு கப்பலில் ஊர் சுற்றப் போகிறார். "நடுவுல எறங்குற ஊர்ல கைடுங்கள நம்பலாமாண்ணா?" என்று வகுப்பில் கேட்டார். மணி அடித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நீராவி, சோப்பு, சூடான டவல்... கண்ணை மூடினால் இன்னும் அந்த வாசனை வருகிறது.

சுற்றுலாக் கப்பலின் அடித்தட்டில் சலவைக்கூடம். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டிக்கொண்டிருந்த என்னை அங்கே கூட்டிப்போனவர் மேல்விஷாரம் கரீம் பாய். "இங்க தோல் சுத்துது, அங்க துணி சுத்தும். அவ்ளோதான், வா" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. எந்த ஊரில் இறங்கினாலும் அவர் பின்னாலேயே போவேன், அவர் பின்னாலேயே திரும்புவேன்.

அலெக்சாண்ட்ரியாவில் அவருக்கு டியூட்டி விழுந்துவிட்டது. நான் தனியாக இறங்கினேன்.

"தோஸ்த், கப்பல் டைம் வேற, ஊர் டைம் வேற. வாட்ச்ச மாத்தாத. நாலு மணிக்கு ஏணிய தூக்கிடுவான். உன்ன உட்டுட்டு போய்ட்டா, உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

கரீம் பாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டில்லை. பாஸ்போர்ட் கப்பலில் இருந்தது. கப்பல் போனால் வேலை போச்சு. யாரையும் தெரியாத தேசத்தில் நான் நிற்கவேண்டும்.

துறைமுகக் கேட்டிலேயே கழுத்தில் அட்டை மாட்டிய கைடு ஒருவர் பிடித்துக்கொண்டார். சிரித்த முகம். கோட்டை, கடல், மசூதி என்று வேகமாகக் காட்டினார். கடைசியில் ஓர் அத்தர் கடைக்குள் கொண்டுபோய் விட்டார். பாட்டில் பாட்டிலாக முகர்ந்துவிட்டு வெளியே வந்தால்... ஆளைக் காணோம். அடுத்த ஆளைப் பிடிக்கக் கேட்டுக்கே போயிருப்பார். அவர் பிழைப்பு அது.

மணி இரண்டு. எந்தத் தெரு வழியாக வந்தோம் என்று தெரியவில்லை. போர்டெல்லாம் எனக்கு வெறும் கோடும் புள்ளியும்.

அப்போது காற்றில் வந்தது... சுண்ணாம்பில் ஊறும் பச்சைத் தோலின் வாசனை!

ஆம்பூர்க்காரனுக்கு பஸ்ஸில் தூங்கினாலும் பயமில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் வீடு வந்துவிட்டது என்று எழுந்து இறங்குவான். என் காலுக்கும் அதுதான் பழக்கம். நான் யோசிக்கவே இல்லை. வாசனை வந்த பக்கமே ஓட்டமும் நடையுமாகப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து நின்றபோது எதிரில் டேனரி இருந்தது. கப்பல் எனக்குப் பின்னால் எங்கேயோ.

என் வயதுக்காரர் ஒருவர் குதிரை வண்டியிலிருந்து தோல் இறக்கிக்கொண்டிருந்தார். கப்பல் பெயர் போட்ட என் அட்டையை நீட்டினேன். வாங்கி இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், தலைகீழாகப் பிடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அப்படித்தான் பிடிப்பேன். அவருக்கும் படிக்கத் தெரியாது!

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணிலும் தண்ணீர்.

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு தின்ற நகங்கள். தன் கையைப் பக்கத்தில் வைத்தார். அதே நகங்கள். மார்பில் தட்டிக்கொண்டு "மஹ்மூத்" என்றார். பதற்றத்தில் நான் "இந்தியா, இந்தியா" என்றேன்.

பிறகுதான் என் சட்டைப்பையைப் பார்த்தார். கப்பல் புகைக்கூண்டில் வரைந்திருக்கும் நீலப் பறவையை அதில் தைத்திருந்தார்கள். காலையில் துறைமுகம் பக்கம் அந்தப் பறவையைப் பார்த்திருக்கிறார் போல. இரண்டு கையையும் விரித்து ஆட்டிக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன்.

"யல்லா, யல்லா!" என்று கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினார்.

பாதித் தோல் இறங்கவில்லை. அதன் மேலேயே என்னை உட்காரவைத்து வண்டியை ஓட்டினார். உள்ளே இருந்து யாரோ கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. இரண்டு கேட்டைத் தாண்டி மூன்றாவது கேட்டில் நிறுத்தினார். மணி மூன்று ஐம்பது.

இறங்கும்போது, தோலில் குறி போடும் சாக்பீஸை எடுத்து நீட்டி, வண்டிப் பலகையைத் தட்டிக் காட்டினார். என் பெயரைக் கேட்கிறார்... எனக்குத்தான் எழுதத் தெரியாதே. எங்கள் டேனரிக் குறியைப் போட்டேன், ஒரு வட்டமும் இரண்டு கோடும். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் தன் குறியைப் போட்டார். நான் ஓடினேன்.

ஏணியில் கரீம் பாய் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டா, சோப்பு போடுறவன் இப்டி தோல் நாத்தத்தோட வர்றியே! எங்கடா போய்ட்ட? பேஜார் பண்ணிட்டியேடா!" என்று திட்டிக்கொண்டே கட்டிப் பிடித்தார். விடவே இல்லை.

சரோஜாம்மா, இப்போது போனே வழி காட்டுகிறது. கைடின் முகத்தைக்கூட முன்னாடியே பார்த்துக்கொள்ளலாமாம். நல்ல காலம்! இருந்தாலும் போனில் சார்ஜ் போய்விடும். கப்பல் பெயர், கேட் நம்பர், புறப்படும் நேரம் மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதி சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் கூட்டிப்போகும் கைடை, நீங்கள் வெளியே வரும்வரை கண்ணில் வைத்திருங்கள். கொழும்பைப் பற்றியும் கேட்டீர்கள். எனக்கு ஒரு பக்கம் எழுத மூன்று சாயங்காலம் ஆகிறது, அதனால் அது அடுத்த புதன்கிழமைதான் வரும்.

கைடு நல்லவராக இருந்தால் போனிலேயே ஸ்டார் போட்டு நாலு வரி எழுதலாமாம். மறக்காமல் எழுதுங்கள். அன்றைக்கு நான் எழுதாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

மஹ்மூத் நல்ல கைடு. பாதி வேலையை விட்டுவிட்டு வந்து கப்பலைப் பிடித்துக் கொடுத்தார். ஐந்து ஸ்டார்.

என் பெயர் முனுசாமி.