பிலோமி ஏறிய கல்

பிலோமிக்கு வலது கால் சூம்பிப்போனது மூன்று வயதில் வந்த காய்ச்சலில். அதை நினைத்து அவள் அழுது பார்த்ததாக எங்கள் தெருவில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. தூத்துக்குடியில் இறால் கம்பெனிகள் வந்ததும் தோல் உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஐஸில் விறைத்த இறாலை அவள் விரல்கள் உரிக்கிற வேகத்தில் பக்கத்தில் இருப்பவளுக்கு எரிச்சலே வந்துவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், தம்பி ரோச்சின் வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொள்பவள். அந்த மூலையும் சம்பளம் வருகிறவரைக்கும்தான் என்பதைத் தம்பி பெண்டாட்டி ஹில்டா அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

வேலையில் ஒரு தொந்தரவும் இல்லை. வேலைக்குக் கொண்டுபோகிற டவுன் பஸ்தான் தொந்தரவு. அதைச் செய்தவன் குதிரைகளை நினைத்துச் செய்திருக்க வேண்டும். முதல் படியே முழங்காலுக்கு மேலே இருந்தது. பிலோமி பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்று, படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்து ஏறுவாள். சேலை விலகும். காலேஜ் பையன்கள் கெக்கலி கொட்டுவார்கள். கண்டக்டர் மாசானம் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு கத்துவான்.

"யக்கா, நீ ஏறி முடிக்கதுக்குள்ள கொழும்புக்குப் போன தோணி திரும்பி வந்துரும். பேசாம வீட்டுல கெடக்க வேண்டியதான?"

பாதி நாள் அவள் படியில் உட்காருமுன்பே விசில் ஊதிவிடுவான். மாசானம் கெட்டவன் இல்லை. வீட்டில் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறவன்தான். நல்லவர்களுடைய அவசரம் இருக்கிறதே, அதைப்போல ஈவிரக்கம் இல்லாதது உலகத்தில் வேறு கிடையாது.

அப்போது புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் சுவர் போடக் கருங்கல் ஏற்றிப் போன லாரி ஒன்று எங்கள் பஸ் ஸ்டாப்புப் பக்கம் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது ஒரு கல் உருண்டு விழுந்தது. தூக்க ஆளில்லாமல் லாரிக்காரன் விட்டுவிட்டுப் போனான். கல்லின் மேல்பக்கம் சப்பட்டை. பஸ் படிக்குப் பாதி உயரம். பிலோமி அன்றைக்கே அதன்மேல் நல்ல காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மனுஷி மாதிரி முன்பக்கமாகப் பஸ் ஏறினாள். டிரைவரும் பழகிப்போய்க் கல்லை ஒட்டியே நிறுத்தினான். வயசாளிகளும் பிள்ளைத்தாச்சிகளும் அதை மிதித்து ஏறினார்கள். பஸ் முதலாளிக்குத் தோன்றாததை ஒரு ரோட்டுப் பள்ளம் செய்து கொடுத்தது.

அடுத்த ஐப்பசியில் அடித்த புயலில் எங்கள் தெரு செபாஸ்டினின் மீன்பிடி லாஞ்சி கரை திரும்பவில்லை. துறைமுகத்துக்குப் போய் விசாரிக்கப் புறப்பட்ட அவன் பெண்டாட்டி ஆக்னஸ், பஸ் ஸ்டாப்பிலேயே மண்ணில் விழுந்து மாரடித்து அழுதாள். பிலோமிதான் அவளைத் தூக்கி அந்தக் கல்லில் உட்காரவைத்தாள்.

"அழாத ஆக்னஸ். இங்கனயே இருந்து மாதாவக் கூப்புடு. அவன் வந்துருவான் பாரு."

வந்துவிட்டான். அன்று சாயங்காலமே லாஞ்சி கரை சேர்ந்தது. ஆக்னஸ் ஓடிவந்து கல்லில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறுவாரம் செபாஸ்டின் சிமெண்டு குழைத்துக் கல்லின்மேல் ஒரு சிலுவையை நட்டு, சுண்ணாம்பும் அடித்து, அதைக் குருசடி ஆக்கிவிட்டான். இனி அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. கடலில் பிழைத்து வந்தவனிடம் யார் என்ன பேச முடியும்?

ஜனங்களுக்கு ஒரு அற்புதம் போதவில்லை. நொண்டி பிலோமியைப் பஸ் ஏறவைத்ததும் இதே கல்தானே என்று யாரோ ஆரம்பித்தார்கள். அது புன்னைக்காயல் போய்ச் சேர்வதற்குள், ஒரு முடவி கல்லைத் தொட்டாள், எழுந்து நடந்தாள் என்று ஆகிவிட்டது. அந்த முடவி மறுபடியும் பஸ்ஸில் பின்பக்கமாகத் தவழ்ந்து ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் எங்கள் ஆட்கள் இந்தக் கதையைச் சொன்னார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

பிலோமி செபாஸ்டின் வீட்டுக்கே போனாள்.

"குருசடி இருக்கட்டும் தம்பி. பக்கத்துல இன்னொரு கல்லு போட்டுத் தாயேன். என்னால ஏற முடியல."

"ஒனக்கு இல்லாததாக்கா? போட்டுருதேன்" என்றான்.

பிறகு தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இன்னொரு கல் வந்தால் எது அற்புதக் கல் என்று வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வருமாம். ஆகவே போட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.

பிலோமி பஸ்ஸைத் தவறவிட்டாள், பிந்திப் போனாள், மறுபடியும் தவறவிட்டாள். கம்பெனி சூப்பர்வைசர் ஜேசுபாதம் வாசலிலேயே மறித்தார்.

"இனி ஒரு நாளு பிந்துனா அப்படியே திரும்பிப் போயிரணும். ஒன் எடத்துக்கு வெளிய எத்தன பொம்பளைக நிக்காளுவ, பாத்தியா?"

மறுநாள் காலையில் நல்ல மழை. பழைய பழக்கத்தில் டிரைவர் குருசடியை ஒட்டியே பஸ்ஸை நிறுத்தினான். பிலோமி படியில் உட்காரப் பார்த்தாள். ஈரத்தில் கை வழுக்கியது. மாசானம் விசிலை வாயில் வைத்துவிட்டான். இந்தப் பஸ் போனால் வேலை போயிற்று, வேலை போனால் அந்த மூலையும் போயிற்று. அவள் ஒரு கையால் சிலுவையையும் மறு கையால் பஸ் கம்பியையும் பிடித்துக்கொண்டு கல்லின் ஓரத்தில் நல்ல காலை வைத்துவிட்டாள்.

"ஏளா, சாமி கல்லுலயா கால வைக்க!"

மெழுகுவர்த்தியோடு வந்து நின்ற ஆக்னஸ்தான் அது. பிலோமியின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். மற்றவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். கல்லின் முனையில் இடுப்பு மோத விழுந்தாள். பஸ் போய்விட்டது. கொட்டுகிற மழையிலும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் கல்லைக் கழுவினார்கள். பிறகுதான் அவளைத் தூக்கினார்கள்.

முறிந்த இடுப்பெலும்பு கூடவே இல்லை. இறால் உரிக்க வேறொருத்தி வந்தாள். ஹில்டா சொன்ன சொல் தவறாதவள். பொழுது விடிந்ததும் பிலோமியைத் தூக்கிக் குருசடிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரவைத்து, முன்னால் ஒரு துண்டையும் போட்டுவிட்டுப் போவாள். இப்போது கதை வேறு. சாமி கல்லை மிதித்தவள் இடுப்பு ஒடிந்து கிடக்கிறாள், வந்து பாருங்கள் என்றார்கள். அற்புதத்துக்கு வந்ததைவிடத் தண்டனைக்கு அதிகக் கூட்டம் வந்தது. தாய்மார் பிள்ளைகளுக்கு அவளை விரல் நீட்டிக் காட்டினார்கள். கல்லைத் தொட்டுக் கும்பிடக் கிழடுகளும் நொண்டிகளும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். அவர்கள் ஏறி இறங்க முதலாளி ஒரு மர முக்காலி செய்து பஸ்ஸில் போட்டிருந்தார். மாசானமே கீழே குதித்து முக்காலியை வைத்து, "பாத்து பாட்டி, மெள்ள மெள்ள" என்று கையைப் பிடித்து இறக்கினான்.

ஒரு சனிக்கிழமை பிலோமி அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அன்னைக்கி மழையில இந்த முக்காலியப் போட்டிருந்தா நான் வேலைக்குப் போயிருப்பேம்லா?"

மாசானம் கேலி பண்ணவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

"அன்னைக்கி ஏதுக்கா முக்காலி? நீ விழுந்த பொறவுதான இம்புட்டுக் கூட்டம் வருது. கூட்டம் வந்ததாலதான மொதலாளி இதச் செஞ்சாரு."

சொல்லிவிட்டு முக்காலியை எடுத்து உள்ளே வைத்து, விசில் ஊதினான்.