சீசரை நான் அடிக்கவில்லை

நாயை அடித்து முடமாக்கியவள் என்ற பெயரோடு இந்தப் புனேயில் நான் ஒரு வருடத்துக்கும் மேலாக நடமாடினேன். அந்தப் பெயரை மாரியாத்தா எப்படித் துடைத்தாள் என்று சொல்லத்தான் இப்போது வாயைத் திறக்கிறேன். ஏரவாடாவில் நம் கோயிலுக்கு வருகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஆத்தா எனக்கு இரங்கிய கதையும் பாதி தெரியும். மீதிப் பாதி கசப்பு. அதை விழுங்கிவிட்டு நல்லதை மட்டும் சொன்னால் இது பொய்ச் சாட்சி ஆகிவிடும்.

என் பெயர் அஞ்சலை. பிறந்தது கள்ளக்குறிச்சிப் பக்கம். வீட்டுக்காரர் பழனிக்குக் கட்டட வேலை. நான் பாணேரில் ஒரு பங்களாவில் வேலை செய்தேன். அவர்கள் வாயில் அஞ்சலை நுழையாது. ‘அஞ்சலி பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள்; வேலைக்காரியை அங்கே பாய் என்பார்கள். வீட்டம்மாவை நான் பாபி என்பேன், ஐயாவை சாஹேப் என்பேன். பாத்திரம், துணி, தரை எல்லாம் என் வேலை. சீசரும் என் வேலை.

சீசர் அந்த வீட்டு நாய். கறுப்பும் பழுப்புமாக, காது விறைத்த ஜெர்மன் ஷெப்பர்டு. அவன் குட்டியாக வந்த நாளிலிருந்து சோறு வைத்தது நான், குளிப்பாட்டியது நான், காலையில் குன்றுப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனதும் நான். எனக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் சொல்ல வேண்டாம், உங்களுக்கே புரியும்.

2003-ஆம் வருடம், கணபதி விசர்ஜனம் முடிந்த சமயம். அவனுடைய பின்னங்கால் நகங்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். ரோட்டில் நடக்கும்போது சரக் சரக்கென்று பாதம் உரசியது. இடுப்பு, குடித்தவன் இடுப்பு மாதிரி ஆடியது. பாபியிடம் சொன்னேன்.

“வயசாகுது, அஞ்சலி. விடு” என்றார்.

விட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை, வீட்டுப் படியில் என் கண்ணெதிரே அவன் பின்பக்கம் அப்படியே சரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அவன் கத்தக்கூட இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

பக்கத்து மிருக டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு எதுவும் உடையவில்லை, முதுகில் பலமாக ஏதாவது பட்டிருக்கலாம் என்றார். பட்டிருக்கலாம் என்றுதான் சொன்னார். அது வீட்டுக்கு வருவதற்குள் ‘அடி பட்டிருக்கிறது’ ஆகிவிட்டது. குன்றுப் பக்கம் தெருநாய்கள் துரத்தும் என்பதால் நான் கையில் ஒரு கம்பு வைத்திருப்பேன். அதைப் பக்கத்துப் பங்களாக்காரி பார்த்திருக்கிறாள். “உங்கள் பாய் தினமும் கம்போடுதான் போகிறாள்” என்று பாபியிடம் சொல்லியிருக்கிறாள்.

சாஹேப் என்னை ஹாலில் நிற்க வைத்துக் கேட்டார். “ஸச் போல். உண்மையைச் சொல். நீதானே அடித்தாய்?”

“இல்ல சாஹேப். என் தெய்வத்து மேல சத்தியம்.”

“உன் தெய்வத்தை நடுவில் இழுக்காதே. போலீசில் கொடுக்காமல் விடுகிறேனே, அதற்குச் சந்தோஷப்பட்டுக்கொள்.”

அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். கேட்டைத் தாண்டும்போது உள்ளே அவன் குரைத்தான். எழுந்து வர முடியாத நாயின் குரைப்பு வேறு மாதிரி இருக்கும்.

நான் வேலை செய்த இன்னும் இரண்டு வீடுகளும் அந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. புதிதாகக் கேட்கப் போன வீட்டில், “நாயை அடித்தவள் நீதானா?” என்று கதவிடுக்கில் கேட்டார்கள். நம் சந்திலேயே சிலர் சிரித்தார்கள். அதெல்லாம் கூடப் பொறுத்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

“ஏன்டி, நெசமா நீ அடிக்கலியே?”

சோற்றைப் போட்ட கையோடு நின்றேன். பதினைந்து வருடம் கூட வாழ்ந்த மனுஷன்.

“உனக்குமாய்யா சந்தேகம்?”

“சந்தேகம்னு இல்ல. எல்லாரும் சொல்றாங்களேன்னு கேட்டேன்.”

அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன். ஓடைக்கரையில் தகரக் கூரைக்குக் கீழே ஆத்தா மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஏற்றவில்லை, பூ வைக்கவில்லை. திட்டினேன். “எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லேன்” என்று கேட்டேன். பிறகு அழுது ஓய்ந்து இரண்டு வேண்டுதல் வைத்தேன். ஒன்று, நான் அடிக்கவில்லை என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். இரண்டு, சீசர் எழுந்து நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். அப்போது அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

மார்கழி பிறந்த பிறகு பங்களா டிரைவர் எங்கள் சந்துக்கு வந்தார். “சீசர் ஒரு டாக்டர் மேடம் கிட்ட இருக்கு. சாப்பிட மாட்டேங்குது. யாரு தொட்டாலும் உறுமுது. வழக்கமா பாத்துக்கிட்டவள கூட்டிட்டு வாங்கன்னு அந்த மேடம் சொல்றாங்க” என்றார்.

போகாதே என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர்களுக்காகப் போகவில்லை. அவனுக்காகப் போனேன்.

அந்த டாக்டரின் பெயர் ஷைலஜா. மராத்திக்காரர். நாய்களுக்கு முதுகுத்தண்டுக்குள் வரும் ஒரு நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதே மாதிரி இடுப்பு ஆடுகிற நாய்கள் இன்னும் சில அவரிடம் வந்துகொண்டிருந்தன. நான் உள்ளே நுழைந்தபோது சாஹேப்பும் அங்கே நின்றார். சீசர் மூலையில் கிடந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினான். முன்னங்கால்களால் தரையைப் பிடித்து இழுத்து இழுத்து, பின்பக்கம் துணிமூட்டை மாதிரி பின்னாலேயே வர, என் காலடிக்கு வந்து சேர்ந்தான்.

டாக்டர் சாஹேப்பைப் பார்த்தார். “அடித்தவளிடம் நாய் இப்படி வராது” என்றார்.

சாஹேப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் என்னைத் ‘தாயி’ என்று கூப்பிட்டார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் நிறைந்தது. தனியாக உட்காரவைத்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “தாயி, இது அடியில்லை என்று நான் நினைக்கிறேன். முதுகெலும்புக்குள்ளே ஓடும் நரம்புக்கயிறு தானாகவே அரிபட்டுப் போகிற நோய். வலி இருக்காது. முதலில் பின்னங்கால் போகும், பிறகு முன்னங்கால். இதற்கு மருந்து இன்னும் யாரிடமும் இல்லை. தள்ளிப்போட முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.”

“அப்ப அது நோய்தான்னு அவங்க கிட்டச் சொல்லுங்க டாக்டர்.”

“சொல்லிவிட்டேன். நிரூபிக்கச் சொல்கிறார். எக்ஸ்ரேயில் இது தெரியாது. உயிரோடு இருக்கும்வரை உறுதியாகச் சொல்ல வழியில்லை. செத்த பிறகு அந்த நரம்பை எடுத்து மைக்ரோஸ்கோப் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வைத்த இரண்டு வேண்டுதலும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. அவன் நடந்தால் நான் அடித்தவள்தான். நான் நல்லவள் ஆக வேண்டுமென்றால் அவன் சாக வேண்டும்.

டாக்டர் என்னை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். சில நாய்களுக்கு மாத்திரை மட்டும், சில நாய்களுக்கு நடைப்பயிற்சி மட்டும், சில நாய்களுக்கு இரண்டும். எது உதவுகிறது என்று தெரிந்தால்தானே அடுத்து வரும் நாய்க்குச் சொல்ல முடியும் என்பார். நடக்க வேண்டிய நாய்களின் கால்களை நான் நீவிவிடுவேன், தொட்டித் தண்ணீரில் இறக்கித் துடுப்பு போட வைப்பேன், வயிற்றுக்குக் கீழே சேலைத்துண்டு கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடத்துவேன். கோடைக்காலத்தில் சீசர் அந்தத் துண்டில்லாமலே முற்றத்தைக் கடந்தான். ஆடி ஆடித்தான் நடந்தான். நான் ஓடிப்போய் டாக்டரை இழுத்து வந்து காட்டினேன். அவர் சிரித்தார். இது நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மழைக்காலத்தோடு அது நின்றது. முதலில் மூத்திரம் அடக்க முடியவில்லை. பிறகு முன்னங்கால் நடுங்கியது. ஆடி வெள்ளியன்று கோயிலுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னேன். “முதல் வேண்டுதலை எடுத்துக்கோ. நான் அடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன். அவன மட்டும் நடக்க வை.” உள்மனதிலிருந்து சொன்னேன். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த உங்களில் சிலர் நான் சாமி வந்து அழுகிறேன் என்று நினைத்தீர்கள். சாமி வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அந்த வருடத் தீபாவளியும் கழிந்து, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவானபோது அவன் தலை என் மடியில் இருந்தது. பாபி வரவில்லை, அவரால் பார்க்க முடியாதாம். சாஹேப் வந்தார். முடிந்ததும் டாக்டர் மெதுவாகக் கேட்டார், முதுகுத்தண்டை எடுத்துப் பார்க்கலாமா என்று.

“வேண்டாம். பட்டதெல்லாம் போதும். முழுசாகக் கொண்டுபோய்த் தோட்டத்தில் புதைக்கிறேன்” என்றார் சாஹேப். அழுதுகொண்டுதான் சொன்னார். அந்த மனுஷனுக்கும் அவன் மேல் பிரியம் உண்டு. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பேச வேண்டியவள் நான். நான் வளர்த்த உடம்பு, இன்னும் சூடு ஆறவில்லை. அதை அறுக்கச் சொல்லி என் வாயால் நானே கேட்க வேண்டும். எந்த எதிரிக்கும் அந்த நிலை வேண்டாம்.

“சாஹேப்,” என்றேன். “நான் அடிச்சேன்னு சொன்னீங்க. பாத்துடுங்க.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் டாக்டர் பக்கம் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

சில வாரங்கள் கழித்து டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அந்த மைக்ரோஸ்கோப் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் வட்டமாக ஒன்று, அதில் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. “அடிபட்ட நரம்பு இப்படி இருக்காது. இது அந்த நோய்தான். யார் கையும் இதில் இல்லை” என்றார் டாக்டர். சாஹேப் நெடுநேரம் குனிந்து பார்த்தார். “எத்தனை நாளாக இருந்திருக்கும்?” என்று டாக்டரிடம்தான் கேட்டார். போகும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

“ஜோ ஹுவா ஸோ ஹுவா, அஞ்சலி” என்றார். நடந்தது நடந்துபோச்சு என்று அர்த்தம்.

அவ்வளவுதான். அதற்காகத்தான் நான் அத்தனை நாள் ஆத்தா காலில் கிடந்தேன். ‘தப்பு செய்துவிட்டேன்’ என்ற வார்த்தை அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. பாபி டிரைவரிடம் ஒரு புதுச் சேலை கொடுத்தனுப்பினார். புதுக் குட்டி வாங்கப் போகிறோம், திரும்ப வருகிறாயா என்றும் கேட்டனுப்பினார். சேலையையும், வர மாட்டேன் என்ற பதிலையும் டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்ல, நீ அடிச்சிருக்க மாட்டன்னு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

இன்றும் அந்த டாக்டரிடம்தான் வேலை செய்கிறேன். மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தினமும் நடக்க வைத்த நாய்கள் மட்டும் கொஞ்சம் அதிக நாள் காலூன்றி நின்றன. அத்தனை நாய்களும் செத்துத்தான் எங்களுக்கு இது தெரிந்தது. போன மாதம் ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே இடுப்பு ஆட்டம். “என் வாட்ச்மேன்தான் ஏதோ செய்திருக்கிறான்” என்று கத்தினார். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வாட்ச்மேன் வெளியே வெயிலில் கை கட்டி நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. நான் போய், “உள்ள வாப்பா. நாயப் பிடி. உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று இந்தியில் சொன்னேன். அவன் என் காலில் விழப் பார்த்தான். எனக்கு அப்படிச் சொல்ல அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆத்தா கேட்கிறாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்ட இரண்டில் ஒன்றைத்தான் கொடுத்தாள். அதைக்கூட வேண்டாமென்று நான் திருப்பிக் கொடுத்த பிறகு கொடுத்தாள். கொடுத்ததற்குக் கற்பூரம் ஏற்றுகிறேன். கொடுக்காததற்கு இன்னும் அவளோடு சண்டை போடுகிறேன். இரண்டுக்கும் அவள் முன்னால்தான் போய் நிற்கிறேன், வேறு எங்கே போவேன்? அபாண்டம் சுமக்கிற அக்கா தங்கச்சிகள் யாராவது உங்களில் இருந்தால் நீங்களும் வாருங்கள். பூ வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை. நல்ல வார்த்தை வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை. திட்டத்தான் தோன்றுகிறதென்றால் திட்டுங்கள். என் திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.