தலைகீழாகத் தொங்கிய காதல்

போன ஞாயிறு உடுப்பிட்டியில் ஒரு நாவல் வெளியீடு. மதிப்பீட்டுரை நான். எழுதியவர் என் நண்பர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வெள்ளைக்காரன் காலத்து சர்க்கஸும் காதலும் கலந்த சரித்திர நாவல்... நானூறு பக்கம்!

சர்க்கஸ் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆசையோடுதான் திறந்தேன். முப்பதாம் பக்கத்திலேயே சிங்கம் செத்துவிட்டது. யானைக்குக் கடைசிவரை வேலையே இல்லை. கதாநாயகி ஊஞ்சலில் தொங்குகிறாள். எதிர் ஊஞ்சலில் ஊர்த்தலைவரான உடையாரின் மகன். தலைகீழாகத் தொங்கியபடியே மூன்று பக்கத்துக்குக் காதல் வசனம் பேசுகிறார்கள் — அவள் தலையிலிருந்து ஒரு மல்லிகைப்பூகூட விழவில்லை! உடையார் மகன் எப்போது ஊஞ்சல் பழகினார்? நானும் தேடினேன். கிடைக்கவில்லை.

வெளியீட்டுக்கு முதல்நாள் நண்பர் போனில் கூப்பிட்டார்.

“அண்ணை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. ஒண்டும் ஒளிக்காதேங்கோ.”

எழுத்தாளர்கள் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? ‘புகழுங்கள், ஆனால் உண்மை மாதிரி இருக்கட்டும்’ என்பதுதானே! தெரிந்தும், மைக்கைக் கண்டதும் எனக்குப் புத்தி மாறிவிட்டது.

“மூன்று பக்கம் தலைகீழாகத் தொங்கினால் தலைக்கு ஏறுவது காதல் இல்லை, இரத்தம்!” என்றேன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நண்பர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடம் எழுதிய மனுஷன்... நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் கைதட்டல் விடவில்லையே!

அப்போதுதான் இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பெயர் திரேசம்மா, ஊர் குருநகர். வெளியீட்டுக்கு முன்பே கடைக்கு வந்திருந்த புத்தகத்தை வாங்கி வாசித்துவிட்டு, கையெழுத்து வாங்க வந்தவராம்.

“தம்பி, நான் இந்தியாவிலையிருந்து சர்க்கஸோடை வந்தனான். ஆறு வருசம் ஊஞ்சல் ஆடினனான்.”

கண்கண்ட சாட்சி! எனக்குக் கொண்டாட்டம்.

“அப்ப நீங்களே சொல்லுங்கோ அம்மா, தொங்கிக்கொண்டு கதைக்கேலுமே?”

“எங்கை கதைக்கிறது? மூச்சு விடவே பயம். பூ வைக்கவும் விடமாட்டினம்.”

சபையை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவர் உட்காரவில்லை.

“என்ரை மனிசன் குருநகர் ஆள். சர்க்கஸிலை கீழை வலை கட்டினவர். ரெண்டு வருசம் வலையைத்தான் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்க்கேல்லை. கலியாணம் கட்டி, அவர் சாகுமட்டும் ‘சோறு போடு’ எண்டதுக்கு மேலை ஒரு கதை இல்லை. நல்ல மனிசன்தான்... ஆனா ஊஞ்சல்காரியோடை ஒருத்தன் மூண்டு பக்கம் கதைக்கிறான் எண்டு வாசிக்க எனக்கு நல்லாத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை நாலுதரம் வாசிச்சனான். நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.”

எனக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு கைதட்டல்! நண்பர் நிமிர்ந்தார். அம்மாவின் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த நாவல் தோல்விதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் யாருக்கு எதற்காகத் தேவைப்படும் என்று மதிப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்?

தேநீர் நேரத்தில் நண்பரிடம் போனேன்.

“குறை நினைக்காதேங்கோ மாஸ்டர்.”

“சீச்சீ, அதிலை என்ன அண்ணை! அடுத்த நாவலும் தொடங்கிட்டன்.”

“அதுக்கும் மதிப்பீட்டுரை...?”

“அதுக்குத் திரேசம்மாவைக் கேட்டிட்டன்.”