நேராக நின்ற சக்கரம்

என் கணவருக்கு ரேஸ் பைத்தியம். அவ்வப்போது எங்கள் பழைய காரைச் சென்னைப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டப் போவார். மற்ற நாளெல்லாம் குடும்பத்துக்கும் அதே கார்தான். ட்ராக்கில் பிரேக் சூடாகிறது என்று, பம்பரிலிருந்து முன் சக்கரத்துப் பிரேக்குக்குக் காற்று போக ஒரு தடித்த ரப்பர் குழாயை அவரே மாட்டினார். குடும்பக் காரில் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

போன வருஷம் மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, சாமை மூட்டையோடு மலை இறங்கினோம். பின் சீட்டில் நானும் மகளும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கீழே ஏதோ உரசியது.

“இன்னாங்க, ரப்பர் தீயற நாத்தம் வருது.”

“பிரேக்குக்குக் காத்து போவத்தான பைப்பு வச்சிருக்கேன். சும்மா வா.”

அடுத்த வளைவில் கத்தியே விட்டேன். ஓரங்கட்டினார்.

வளைவில் முன் சக்கரம் முழுதாக ஒரு பக்கம் திரும்பும்போதெல்லாம் டயர் அந்தக் குழாயைத் தேய்த்துக் கிழித்திருந்தது. அதைப் பிரேக் ஆயில் போகும் பைப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். அந்த ஆயில் பைப்பும் இழுபட்டு, ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

“வூட்ல பாத்தப்ப டயரு பைப்பத் தொடவே இல்லியே,” என்றார். வீட்டில் பார்த்தபோது சக்கரம் நேராக நின்றது. ட்ராக்கிலும் இவ்வளவு ஒடித்துத் திருப்ப வேண்டியதில்லை.

காரை அங்கேயே விட்டுவிட்டு, மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

இன்னும் ரேஸுக்குப் போகிறார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் மலைக்குக் கிளம்பும் முன், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடிக்கச் சொல்லி, டயர் எதிலாவது உரசுகிறதா என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

“போலாமா?” என்று சலித்துக்கொள்வார்.

“பின்னாடி ஒக்காரப் போறது நானும் கொழந்தையும். இன்னொரு தபா ஒடிங்க.”