ஆறிய டீயைக் கீழே ஊற்றியவர்

இது தொண்ணூற்றொன்பதில், ஒரு கோடைக்காலத்தில், நானும் மனைவியும் அமெரிக்காவில் பையன் வீட்டுக்குப் போயிருந்தபோது, சான் ஹோசேயில் நடந்தது. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஈரோடு பஸ் நிலையத்தில் கிளாஸ் கழுவ ஆரம்பித்து, சொந்தமாக மூன்று டீக்கடை வைத்து, பையனை இன்ஜினீயராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பியவன். டீத்தூளை மூக்கருகே கொண்டுபோனாலே என்ன ரகம் என்று சொல்லிவிடுவேன். டீயைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பையன் ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். தாயில்லாத பெண். அவள் அப்பா எங்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். என் மனைவி வரவில்லை. "போறதுன்னா போங்க. அங்க கை நனைச்சுட்டு மட்டும் வந்துராதீங்க" என்று கார் ஜன்னலில் குனிந்து சொல்லி அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தாலும் சம்மதம் என்றுதான் அர்த்தம். பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துவிடுவோம். நானோ இன்னும் முடிவு செய்யவில்லை.

அவருக்கும் என் வயதுதான். கைக்குள் அடங்கும் ஒரு மண் கெண்டியில் வெந்நீர் ஊற்றி, முதலில் இறங்கிய டீயைக் கோப்பைகள் மேலேயே கொட்டிக் கழுவினார். அடுத்ததை ஊற்றி, எலுமிச்சை மூடி அளவு கோப்பையை இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தார். நான் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அப்பா, ஒரே ஒரு சிப். ப்ளீஸ்" என்றான் பையன்.

"சும்மா இருடா. குடிச்சா முடிஞ்சுது. உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவருக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. வெயிட் பண்றாரு பாருங்க."

அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷே தகராறு. ஆவி அடங்கியதும் என் கோப்பையை எடுத்தார். அவ்வளவுதான், கோபித்துக்கொண்டு உள்ளே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஆறியதைத் தட்டில் கொட்டிவிட்டு, சூடாக ஊற்றி மறுபடி வைத்தார். அதுவும் ஆறியது. மறுபடியும் அப்படியே. பையன் முகத்தில் ரத்தமே இல்லை. சமையலறை வாசலில் அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

நான்காவது தடவையும் ஊற்றி வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கோப்பையும் ஆறிக் கிடந்தது. நான் குடிக்காமல் அவர் தொடவில்லை. என் கடையில் ஆறின டீயைத் திரும்பச் சட்டியில் ஊற்றி, சூடு காட்டி விற்றிருக்கிறேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். கூச்சமாகிவிட்டது. எடுத்து ஒரே வாயில் குடித்தேன். பாலில்லை, சர்க்கரையில்லை, நாக்கு வேறு சுட்டது. அவர் பெரிதாக மூச்சு விட்டுவிட்டுத் தன் ஆறின டீயைக் குடித்தார்.

திரும்பி வந்ததும் மனைவி வாசலிலேயே கேட்டாள்: "நனைச்சீங்களா?"

"நனைச்சுட்டேன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் புள்ளைக்குப் பொடவை கட்டத் தெரியுமா?" என்றாள்.

லட்சக்கணக்கில் டீ ஆற்றியவன் நான். எதிரில் இருப்பவர் குடிப்பாரா மாட்டாரா என்று ஒருநாளும் பயந்து நின்றதில்லை. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் ஒரு வாய் குடிக்கும்வரை என் டம்ளரில் நான் கை வைப்பதில்லை.