தெரியலை என்று சொன்ன மேஸ்திரி

உப்பளத்தில் மேஸ்திரி வேலைக்கு முதல் தகுதி, யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வது. பதில் சரியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். நான் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் மேஸ்திரி. அதிலும் பெண் மேஸ்திரி. "பொம்பளைக்கு என்னா தெரியும்?" என்று சொல்ல அக்கம்பக்கத்து அளங்களில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் 'தெரியலை' என்ற வார்த்தையை மட்டும் வாயில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

லாரி புதைந்தது

நான் மேஸ்திரி ஆன புதிது. முந்தின நாள் ஒரு மழை அடித்திருந்தது. உப்பு ஏற்ற வந்த திண்டிவனத்து லாரி டிரைவர், எந்தக் கரை மேல் வண்டி போகும் என்று என்னைக் கேட்டார். சத்தியமாக எனக்குத் தெரியாது. என் கீழ் வேலை செய்யும் செட்டு ஆட்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையை நீட்டி, "அந்தப் பக்கம் போங்க" என்றேன்.

கொஞ்ச தூரம்தான் போனது. பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கூடை, பலகை எல்லாவற்றையும் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளினோம். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாக 'ஐலசா' போட்டேன். மானம் போகிற நேரத்தில் சத்தம் கொஞ்சம் உதவும். டிரைவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன்மையாகச் சொன்னார்: "தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே எறங்கி நடந்து பாத்திருப்பேனேக்கா."

பரீட்சை

டிரைவர் சொன்னதைக் கேட்டுத் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து வந்தது கண் கோளாறு.

மேஸ்திரியின் வேலையே பார்ப்பதுதான். பாத்தியில் உப்பு பூத்து அடியில் படிந்ததும், தண்ணீரின் நிறத்தையும் உப்பின் கனத்தையும் பார்த்து "வாரலாம்" என்று சொல்ல வேண்டும். அவசரப்பட்டால் பொடிப் பொடியாக வரும். அசந்தால் கசப்பு ஏறிவிடும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கஞ்சித் தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல் ஆகிவிட்டது. உப்பும் வெள்ளை, வரப்பும் வெள்ளை. கண் தெரியாத மேஸ்திரியை எந்த ஓனர் வைத்துக்கொள்வார்? வேலை போய்விடும் என்பது ஒரு பயம். எனக்கு அப்புறம் இந்தப் பக்கம் இன்னொரு பெண்ணுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்கவே மாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பாத்தி ஓரத்தில் நின்றுகொண்டு, "எங்க, நீ சொல்லு பாக்கலாம்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால், "கரெக்ட்டு, வாருங்க" என்பேன். மேஸ்திரி நமக்குத் தொழில் சொல்லித் தருகிறாள் என்று செட்டில் ஒரே பெருமை. கூடை தூக்கும் முருகனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. நாற்பது வயது ஆள், நான் கிட்டே போனாலே கையைக் கட்டிக்கொள்வான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்: "கேள்வி கேக்குறாங்கன்னுதான் பள்ளிக்கூடத்த விட்டே ஓடியாந்தேன். இங்கயுமா மேஸ்திரிக்கா?"

மேகம்

சீசன் முடிகிற நேரம். எல்லாப் பாத்தியிலும் உப்பு நிற்கிறது, ஆனால் இன்னும் முழுசாக விளையவில்லை. மத்தியானம் காற்று திடீரென்று நின்றது. மழை வருவதாக இருந்தால் உடனே வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் கரைந்து, எல்லோருடைய பாடும் வீண். மழை வராமல் அவசரப்பட்டு வாரினால், வாங்க ஆளில்லாத அரைகுறை உப்பு. என் கூடப் படித்தவள், இப்போது என் செட்டில் இருக்கும் அஞ்சலைதான் முன்னால் வந்து நின்றாள். "எங்க, நீ சொல்லு" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். "இன்னிக்கு நாங்க சொல்ல மாட்டோம். இது பெரிய முடிவு, நீ சொல்லு" என்றாள்.

கிழக்கே பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மேற்கே பார்த்தேன், அதுவும் வெள்ளை. கையை நீட்டி ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அன்று புதைந்தது லாரி, இன்று புதையப் போவது இவர்கள்.

"தெரியலை" என்றேன்.

"என்னா தெரியலை? மழ வருமான்னு தெரியலையா, மேகமே தெரியலையா?"

"மேகமே தெரியலைடி. உன் மூஞ்சியே அரைகுறையாதான் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலை கடல் பக்கம் திரும்பி, "கறுத்துக்கினு வருது. வாரிடலாம்" என்றாள். முருகனும் அதையே சொன்னான். இறங்கி வாரினோம். கடைசித் தார்ப்பாயைக் கட்டும்போது பெரிய பெரிய தூறலாக விழுந்தது. ஷெட்டுக்குள் ஓடி வந்து மூச்சு வாங்கும்போதுதான் அஞ்சலைக்கு உறைத்தது. "அப்ப இத்தினி நாளு எங்களுக்குப் பரீட்ச வெச்சதெல்லாம், நீ காப்பி அடிக்கத்தானா?"

ராணியின் பூட்ஸ்

அந்த மழைக்கு ஷெட்டில் ஒதுங்கி நின்றபோதுதான் ராணி பூட்ஸைக் கழற்றினாள். செட்டில் எல்லோரையும் விடச் சின்னவள், அதிகம் பேசாதவள். குனிந்து மூஞ்சியைக் கிட்டே வைத்துப் பார்த்தேன்: உள்ளங்காலில் பெரிய புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அதோடுதான் உப்புத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். "எரியலையாடி?" என்று பதறினேன். "உனக்குக் கண்ணு தெரியலை. எனக்குக் காலு இருக்கறதே தெரியலைக்கா" என்றாள்.

மறுநாள் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்குச் சர்க்கரை என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தினம் அவள் பக்கத்தில் நின்று வேலை வாங்கியவள் நான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "உங்கிட்ட எப்டிக்கா சொல்றது? நீ தும்மிக்கூட நாங்க பாத்ததில்ல."

ஓனர்

ஓனரிடம் நானே போய்க் கண் விஷயத்தைச் சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவர் காதுக்குப் போவதைவிட இது மேல். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தினி மாசமா யாரு கண்ணால பாத்த?" என்றார். "அவங்க கண்ணாலதாங்க" என்றேன். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. ஓனர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஆபரேஷன் பண்ணிக்கினு வா. அதுவரைக்கும் அஞ்சலை இருக்கட்டும். வந்தப்புறம் பாக்கலாம்."

ஒருத்தருக்கும் தெரியலை

கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தேன். மறுபடியும் கூடை தூக்கத்தான் போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் அளத்தில் கால் வைத்தேன். நான் வருவதற்கு முன்பே ஓனர் வந்து, மேஸ்திரி வேலையை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாயா என்று அஞ்சலையைக் கேட்டிருக்கிறார். "தெரியலைங்க" என்றிருக்கிறாள். முருகனைக் கேட்டிருக்கிறார். அவனும் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியலைங்க." சரி, யாரை மேஸ்திரியாகப் போட்டால் வேலை நடக்கும் என்று, காலில் கட்டோடு ஷெட்டில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்த ராணியைப் போய்க் கேட்டிருக்கிறார். அவளும் தலையைத் தூக்காமல் அதையே சொல்லியிருக்கிறாள். நான் போய் நின்றபோது, ஓனர் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, நீயே பாத்துக்க. உன் செட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமே தெரியலை."

இப்போது எனக்கு மேகம், வரப்பு, மனுஷர் முகம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் யாராவது "வாரலாமா?" என்று கேட்டால் முதலில் வாயில் வருவது என்னவோ "தெரியலை, நீ சொல்லு" என்பதுதான்.